அவியட்ட சொல்லு

ஆகஸ்ட் 11, ஞாயிறு

செல்போன் டவர் சைட்டுகளுக்கு பேட்டரி சப்ளை செய்கிறவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியில் ஒரு பக்கத்தில் மட்டும் செண்பகா எழுதியிருக்கிறாள்: "கேஸ் புக் பண்ணியாச்சு. மாவு அரைக்கணும்." மற்றதெல்லாம் காலி. சைட்டில் என்ன பழுது, என்ன செய்தேன் என்று எழுதி வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. வீட்டுக்கும் அப்படி ஒன்று இருக்கட்டும்.

இன்றைய பழுது: தென்காசியில் அத்தையின் போன். செண்பகாவின் அம்மா. வீட்டு முன்னறையில் ப்ளவுஸ் தைக்கிறார். அங்கே கொக்கி வைக்க, ஹெம்மிங் பண்ண வருகிற ஜெபாக்கா தன் போனிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ள, அக்கா போனு வெள்ள வெளேர்னு ஆயிட்டு. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கு. ஆவணி முகூர்த்தம் வருது. பொண்ணுவ எல்லாம் கழுத்து டிசைன போன்லதான் அனுப்புதாவ. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வர முடியுமான்னு அக்கா கேக்காவ."

பின்னால் அத்தையின் குரல் தெளிவாகவே கேட்டது. "அவியளுக்கு ஆயிரம் வேலை கெடக்கும். சிரமப்பட வேண்டாம்னு சொல்லு."

"சிரமப்பட வேண்டாங்காவ மாப்ள."

"சிரமம் இல்லன்னு சொல்லுங்க."

"சிரமம் இல்லியாம்க்கா."

அத்தை என்னோடு நேரடியாகப் பேச மாட்டார். கோபமெல்லாம் இல்லை. மாப்பிள்ளை முன்னால் மாமியார் நின்று பேசுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் அத்தையின் முகத்தை நான் நேராகப் பார்த்தது சில தடவைதான். "அவியட்ட சொல்லு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஆரம்பிப்பார். அந்த 'அவிய' நான்தான்; அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். செண்பகா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டு, "கேட்டுச்சா, இல்ல நானும் ஒருக்கா சொல்லணுமா?" என்பாள்.

செண்பகா மே மாதம் காய்ச்சலில் போனாள். நாலு நாள் காய்ச்சல். அதன் பிறகு நடுவில் ஜெபாக்கா.

ராத்திரி பிஸ்கட்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலை முடிந்து பாளையங்கோட்டையில் போன் வாங்கினேன். பெரிய திரை, சத்தமான ஸ்பீக்கர். கடைக்காரர், "லேடீஸுக்கா சார்? வீட்ல கூட்டிட்டு வந்தீங்கன்னா கலர் பாத்து எடுத்துருக்கலாமே" என்றார். கறுப்பு எடுத்தேன்.

அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். திறக்காத கட்டத்தில் மங்கலாக ஒரு பச்சைப் புடவை தெரிகிறது. கீழே, "அம்பாசமுத்திரம். நல்ல குடும்பம்." டவுன்லோட் செய்யவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. தென்காசி போனேன். ஆலங்குளம் தாண்டியதும் சாரல்.

முன்னறையில் இரண்டு மெஷின், கீழெல்லாம் வெட்டுத்துணி. உள்ளறைக்கு ஒரு திரை. மிஞ்சின லைனிங் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அத்தை அதற்குப் பின்னால் இருந்தார். கீழே கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

பழைய போனில் டிஸ்ப்ளே போய்விட்டது. சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டேன். வாட்ஸ்அப் இறக்கினேன். எண் கொடுத்தேன், ஓடிபி கோடு வந்தது. பழைய மெசேஜ்களின் பேக்கப் எங்கே என்று கேட்டது. அங்கேதான் நின்றது.

அத்தைக்கு ஈமெயில் உண்டாக்கிக் கொடுத்தது செண்பகா. பேக்கப் அதில்தான். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அடித்தேன். புதிய போன் என்பதால் சந்தேகப்பட்டு, பதிவு செய்த எண்ணுக்குக் கோடு அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது. யாருடையது என்று தெரிவதற்கு அது போதும்.

"என்ன மாப்ள, சாமி செல மாதிரி நிக்கிய?" என்றார் ஜெபாக்கா.

"கோடு வேற நம்பருக்குப் போவுது."

"எந்த நம்பருக்கு?"

திரைக்குக் கீழே விரல்கள் மடங்கின. ஜெபாக்காவுக்கு முன்பே அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"இப்போதைக்குப் பழசு இல்லாம ஓட்டலாம். கஸ்டமர் அனுப்புறது வந்துரும்" என்றேன். புதிய போனில் பேக்கப் எடுப்பதை அணைத்து வைத்தேன். இல்லாவிட்டால் இந்தக் காலிப் பெட்டி போய் அந்த நிறைந்த பெட்டியின் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

"அளவு போட்டோ எல்லாம் போயிருமா?"

"போகாது. எடுத்துரலாம்."

திரைக்குப் பின்னாலிருந்து, "மத்ததும் இருக்குமான்னு கேளு."

"மத்ததும் இருக்குமாங்காவ."

"இருக்கும்."

மற்றது எது என்று யாரும் சொல்லவில்லை. செண்பகா அம்மாவுக்கு தினமும் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவாள். அடுப்படியில் நின்றுகொண்டே பேசுவாள். குக்கர் சத்தமும் சேர்ந்து போகும்.

அத்தைக்கும் டைப் பண்ண வராது. மைக் படத்தை அமுக்கிப் பேசுவதை ஜெபாக்காவே நடித்துக் காட்டினார். "மெஷின நிறுத்திட்டு, போன வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு, குசுகுசுன்னு பேசுவாவ மாப்ள. யாருக்குன்னு கேட்டா கஸ்டமருக்குங்காவ. எந்தக் கஸ்டமர்ட்ட இவ்ளோ நேரம் பேசுவாவ? எனக்கென்னமோ அக்காவுக்கு ஆளு கெடச்சுட்டோன்னு..."

"ஏ ஜெபா! வாய மூடு!" திரை அதிர்ந்தது.

மத்தியானம் சோறும் சொதியும். சாப்பிட்டேன். மீதி வைத்தேன். ஜெபாக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது திரைக்குக் கீழே விரல்கள் தட்டின் பக்கம் திரும்பின.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜெனரேட்டர் பழுது. டீசலில் தண்ணீர். சாயங்காலம் சரியானது.

செண்பகாவின் எண் உயிரோடுதான் இருக்கிறது. மாதா மாதம் தானாக ரீசார்ஜ் ஆகும்படி போட்டிருந்தேன். நிறுத்த மறந்துபோனது.

ஆகஸ்ட் 17, சனி

அவள் போன் பீரோவில், புடவைக்கு அடியில். சார்ஜர் தேட வேண்டும்.

(என் சார்ஜரே சேரும்.)

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் சார்ஜ் போட்டேன். மத்தியானம் ஆன் செய்தேன். பூட்டைத் திறக்க அவள் விரலால் போடுகிற கோலம் எனக்குத் தெரியும். மாடியில் வைத்த தக்காளிச் செடியின் படம் வந்தது. அந்தச் செடி இப்போது இல்லை.

சிம்மை மட்டும் கழற்றி என் போனில் போட்டாலே கோடு வந்திருக்கும். டவரில் நாளெல்லாம் சிம்மோடு கிடக்கிற எனக்கு அது தோன்றவில்லை. இன்னொன்றும் தோன்றவில்லை. அந்த போனுக்கு எங்கள் வீட்டு வைஃபை தெரியும். யாரும் சொல்லாமல் தானாகவே சேர்ந்துகொண்டது. சேர்ந்ததும் மேஜையில் கிடந்து துடிக்க ஆரம்பித்தது.

குடியிருப்பு குரூப், சேலைக் கடை, பிறந்தநாள் வாழ்த்து சொன்ன ஒரு பழைய தோழி. விஷயம் தெரியாதவள் போல. அதற்கெல்லாம் மேலே, "அம்மா". எல்லாமே வாய்ஸ் மெசேஜ்.

சேராத மெசேஜ் சர்வரில் ஒரு மாதம்தான் நிற்கும். பிறகு அழித்துவிடுவார்கள். அதனால் இவை கடைசி மாதத்தினுடையவை. மேயிலும் ஜூனிலும் பேசியவை எனக்குக் கிடைக்காது.

கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது எழுதலாம். கேட்டேன்.

"ஏட்டி செண்பகா. இன்னைக்கு அவிய வந்துட்டுப் போனாவ. சட்டை தோள்ல நிக்கல, ரெண்டு பக்கமும் எறங்கிக் கெடக்கு. டேப் வைக்காமலே தெரியுது. அவியட்ட சொல்லு, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நான் கேட்டா நல்லாருக்காது."

"செண்பகா, காலர் வைக்க யூடியூப்ல பாத்தேன். ப்ளவுஸே தச்ச கைக்கு சட்டை வரமாட்டேங்கு. அவியளுக்குத்தான். நீல கலரு. அளவு கண்ணாலதான் எடுத்தேன், கதவு இடுக்குல. சிரிக்காதட்டி."

"அவிய நம்பரு என்ட்ட இருக்கு. அமுக்குனா போயிரும். என்னன்னு ஆரம்பிக்கது? மாப்ளங்கதா? சாருங்கதா? நீ இருந்தா ஒனட்ட சொல்லிட்டு நான் பாட்டுக்கு வேலையப் பாப்பேன்."

அடுத்ததில் முதலில் மெஷின் சத்தம் மட்டும். பிறகு:

"அவிய அம்மா பொண்ணு பாக்காவளாம். ஜெபா சொன்னா. பாக்கட்டும். சின்ன வயசு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவியட்ட சொல்லு, கல்யாணம் ஆனாலும் வருசத்துக்கு ஒருக்கா வந்து தலையக் காட்டிட்டுப் போவச் சொல்லு. எனக்கு வேற யாரு இருக்கா? நீ சொன்னா கேப்பாவ."

இதை இரண்டாம் முறை போட்டபோது திரையின் மேலே "அம்மா" என்ற பெயருக்கு அடியில் "ஆன்லைன்" என்று வந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் பார்ப்பதைப் போலவே தென்காசியில் ஒரு புதிய போனில், செண்பகா பெயருக்கு அடியில் அதே எழுத்து. நான் வாங்கிக் கொடுத்த பெரிய திரையில்.

கை நகரவில்லை. "ஆன்லைன்" மாறி, பேசிப் பதிவு செய்கிறார் என்று காட்டியது. மைக்கை அமுக்கியிருக்கிறார். நின்றது. மறுபடி அமுக்கினார். அது நெடுநேரம் அப்படியே இருந்தது. நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதிவும் நின்றது.

எதுவும் வரவில்லை.

வைஃபையை அணைத்தேன். கோடு எடுக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் ஜெபாக்கா. வழக்கமான குரல் இல்லை.

"மாப்ள, அந்தப் பிள்ள போனத் தொறந்தது யாரு?"

"நான்தான்."

"சொல்லிட்டுத் தொறக்கப்படாதா? நேத்து நான் கோயிலுக்குப் போயிட்டேன். வந்து பாத்தா ஒரு பட்டு ப்ளவுஸு பாதி வெட்டிக் கெடக்கு, கத்திரி கீழ கெடக்கு, அக்கா செவத்தப் பாத்து உக்காந்துருக்காவ. 'ஜெபா, செண்பகா வந்துட்டுப் போனா'ங்காவ. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பெறவு அவியளே தெளிஞ்சுட்டாவ. அவியதான் தொறந்துருப்பாவன்னு சொன்னாவ. அதுக்கப்புறம்தான் மோசம். 'அப்போ நான் பேசுனதெல்லாம் அவிய கேட்டுருப்பாவளே'ன்னு தலையில கை வச்சவதான். என்னத்தப் பேசுனாவளோ, என்ட்ட சொல்ல மாட்டேங்காவ. என்னையும் ரெண்டு நாளைக்கி வர வேண்டாம்னுட்டாவ. இனிமே அவிய மூஞ்சியில எப்படி முழிப்பேன், மாப்ள இனி இந்த வாசலுக்கு வர மாட்டாவன்னு பொலம்புதாவ. கேட்டியளா?"

"கேட்டுச்சு."

"கேட்டா மட்டும் போதாது. எதாவது செய்யும்."

சைட்டில் இரண்டு அலாரம். முதலாவதை மட்டும் பார்த்தேன். நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஜெபாக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். திரை ஆடியது. கால் விரல்கள் வந்தன, நின்றன.

நடுவில் யாரும் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திரைக்கு அடியிலிருந்து ஒரு கை காபி டம்ளரைத் தரையில் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனது. குடித்தேன். மெஷினைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது பழுதைப் பற்றிப் பேசத்தான்.

"செண்பகா போன ஆன் பண்ணது நான்தான். கோடு எடுக்கதுக்கு. வைஃபை தானா சேந்துட்டு. நான் யோசிக்கல. ஆன்லைன்னு காமிச்சது நான்தான்."

டம்ளரை ஓரமாக வைத்தேன்.

"ஒரு மாசத்துக்கு மேல சர்வர்ல நிக்காது. அதுக்கு முந்திப் பேசுனது எனக்கு வரல."

சற்றுக் கழித்து, என்னிடம் என்றில்லாமல், வீட்டுச் சுவர்களிடம் கேட்பது போல, "வந்ததெல்லாம் கேட்டாச்சோ?"

"கேட்டாச்சு."

விரல்கள் மடங்கின.

புதிய போன் மெஷின் மேலேயே இருந்தது. வேலையைத் தொடங்கினேன். செண்பகாவின் போனுக்குக் கோடு வந்தது, அடித்தேன், ஈமெயில் திறந்தது. வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். பேக்கப் கிடைத்தது, மீட்கவா என்றது. ஆமாம் என்றேன். தென்காசியில் அந்தத் தெருவுக்கு சிக்னல் கொடுக்கிற டவர் எங்களுடையதுதான். மழை நாளில் மெதுவாகத்தான் வரும். வாசல் ஓரம் கம்பி ஜன்னலில் போனை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். திரைக்குப் பின்னால் அவரும் காத்திருந்தார். இடையில் ஒரு தடவை, "வந்துட்டா?" என்றார். "பாதி" என்றேன்.

முடிந்ததும் எல்லாம் வந்தது. கழுத்து டிசைன்கள், கை அளவுகள், மணப்பெண்கள். செண்பகா. வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது முறை. கடைசியாக அவள் அனுப்பியதை அமுக்கினேன். மேயின் முதல் வாரம். ஸ்பீக்கர் சத்தமானது என்று எழுதியிருக்கிறேன்.

"எம்மா, அவியளுக்குச் சட்டையே இல்ல. ரெண்ட வச்சே மாத்தி மாத்திப் போடுதாவ. வாங்கச் சொன்னா டவர்ல யாரு பாக்கப்போறாங்காவ. நீ ஒண்ணு தச்சுக் குடேன். ப்ளவுஸுக்கும் சட்டைக்கும் என்ன வித்தியாசம், கை கொஞ்சம் நீளம், அவ்ளோதான..."

குக்கர் விசில். அவள் சிரிப்பு. முடிந்தது.

மே மாதத்துக்குப் பிறகு அவள் குரலை இப்போதுதான் கேட்கிறேன். போனை மெஷின் மேல் வைத்தேன். நேராக வைத்தேன். எழுந்தேன். திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"வருசத்துக்கு ஒருக்கான்னு சொன்னீங்க. அது பத்தாது, அத்தை."

அந்தச் சொல்லை இதுவரை அவரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன். அவரை நோக்கிச் சொன்னதில்லை.

திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம். பெட்டி ஒன்றைத் திறக்கும் சத்தம். பிறகு அத்தை திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது. நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். செண்பகாவின் நெற்றி. கையில் ஒரு நீலச் சட்டை, காலர் இல்லாமல். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். தையல்காரர் பார்க்கிற பார்வை.

"கையத் தூக்குங்க."

தூக்கினேன். டேப்பை என் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து மார்பில் சேர்த்தார்.

"முப்பத்தாறு" என்றார். வழக்கமாக அளவை எழுதுவது ஜெபாக்கா. யாரும் எழுதாததை உணர்ந்து, "எழுதிக்கிடுங்க" என்றார். கையைத் தூக்கிக்கொண்டு எப்படி எழுத? அதுவும் அவருக்கு உடனே புரிந்தது. "செரி, நான் நெனப்புல வச்சுக்கிடுதேன். போன வருசம் முப்பத்தெட்டர இருந்தீய. அவ சொல்லிருக்கா."

தோள், கை, கழுத்து. கழுத்துக்கு டேப்பை வைத்தபோது ஒரு விரலை உள்ளே விட்டு அளந்தார். இறுக்கக் கூடாது என்பதற்காக.

கையைத் தூக்கியபடி நிற்கும்போது கண்ணைத் துடைக்க முடியாது. இதை ஒரு குறையாகக் குறித்து வைக்கிறேன்.

"சாப்புட்டுத்தான் போவணும், மாப்ள" என்றார் அத்தை. இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்து. பிறகு தான் செய்துவிட்டதை நினைத்து வெட்கப்பட்டவர் போலத் திரைக்குள் போய்விட்டார். தட்டைத் தரையில் நகர்த்தினார்.

மீதி வைக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஜெபாக்கா கூப்பிட்டார். "எனக்கு வேல போயிட்டு மாப்ள. இனி நான் எதுக்கு நடுவுல, தபால்காரியா? அக்கா புதுப் போன்ல எப்பம் பாத்தாலும் உங்க பேரத் தேடி எடுத்து வச்சுக்கிட்டு, அமுக்கலாமா வேண்டாமான்னு இருக்காவ."

"அமுக்கச் சொல்லுங்க."

"அத நீங்களே சொல்லும்!"

அம்மாவைக் கூப்பிட்டேன். பச்சைப் புடவை இப்போது வேண்டாம், என்னால் முடியாது என்றேன். அம்மா, "சாப்புட்டியாடே?" என்றாள். சாப்பிட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வாய்ஸ் மெசேஜ். என் எண்ணுக்கு. முதலில் வெறும் மெஷின் சத்தம். அது நின்றது. தொண்டையைச் செருமும் சத்தம்.

"அவியட்ட சொல்... ம்ஹும். மாப்ள. சட்டை முடிஞ்சுட்டு. காலரு ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கி. பரவால்லியா?"

"பரவால்ல அத்தை. டவர்ல யாரு பாக்கப்போறா?" என்று பேசி அனுப்பினேன்.

இரண்டு டிக். உடனே நீலம்.

செப்டம்பர் 2, திங்கள்

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைட்டுக்குப் போனேன். காலர் இடது பக்கம் தூக்கித்தான் நிற்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டல்புதூர் சைட்டில் காவல் இருக்கிறவர் மட்டும், "யாரு சார் தச்சது?" என்றார். சொன்னேன்.

செண்பகா எண்ணின் தேதி முடிகிறது என்று செய்தி வந்தது. போன மாதம் எழுதியது தவறு. தானாக ரீசார்ஜ் ஆகும்படி நான் எதையும் போட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் நானே செய்தேன்.

இன்றும் செய்தேன். மறதியில் அல்ல.